இடது சிக்னல் சரியாகிவிட்டது

என் அன்பு மகன் தம்பிக்கு,

நேற்றுப் போனில் சொன்னதை முதலில் எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். கார் சரியாகிவிட்டது. இடப்பக்கம், வலப்பக்கம், முன்னுக்கு, பின்னுக்கு, எல்லாச் சிக்னல் லைற்றும் ஒழுங்காக எரிகின்றன. கார் றோட்டில் ஓடத் தகுதியானது என்ற பிங்க் ஸ்லிப்பும் கிடைத்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதத்தைக் கண்டதும் அம்மாவுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று பதறாதே. உன் அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்துகொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்ப்பதும், பார்க்காதவர்போலப் பேப்பரைப் புரட்டுவதுமாக இருக்கிறார். நான் கடிதம் எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது. கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும் என்றும் தெரியும். சனிக்கிழமை தோறும் உன்னை இழுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனது பிறகு எதற்காம்? மெதுவாக வாசி.

நேற்று, "எப்பிடி அம்மா சரிவந்தது?" என்று கேட்டாய். "எர்த் போல்ட்டில ஊத்தை பிடிச்சிருந்தது, தேய்ச்சுப் பூட்டினன்" என்றேன். அது ஊத்தையில்லை. நான் அதைக் கண்டுபிடித்ததும் நேற்றோ முந்தநாளோ இல்லை. இந்த இரண்டையும் உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவுக்கு வாய் வரவில்லை என்றால் நீயே நம்பமாட்டாய். அதனால்தான் பேனையை எடுத்தேன்.

இந்தக் கதையின் உன் பக்கம் உனக்குத் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். போன வருடம் நீயும் மயூரியும் பிரிந்துவிட்டீர்கள் என்று சொன்னாய். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. ஒரே ஒரு வசனத்தில் சொன்னாய், அதுவும் இங்கிலீசில். நானும் அப்பாவும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். நீ "ஓகே, பை" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ எங்களோடு கதைத்ததையெல்லாம் கூட்டினால் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். சாப்பிட்டியா என்றால் ஓம். வேலை எப்படி என்றால் பிஸி. எப்ப வாறாய் என்றால் பாப்பம். நாங்கள் வரட்டோ என்றால், "இப்ப வேண்டாம் அம்மா." எனக்குக் கோபம் வந்தது. உன்மேல், அவள்மேல், நீ இருக்கும் மெல்பேர்ன்மேல், அந்த ஊர்க் குளிர்மேல். கோபம் போன பிறகு மனம் உன்னைத் தேடத் தொடங்கியது. சுளகை எடுக்கப் போன இடத்தில், கோயிலில் செருப்பைக் கழற்றும்போது, கடையில் நீ விரும்பித் தின்னும் பனங்கட்டியைக் கண்டபோதெல்லாம் தேடியது. சிட்னிக்கு வந்து இந்த நார்த்மீட் வீட்டை வாங்கும்போது சின்ன வீடு என்று மூக்கைச் சுளித்தவள் நான். இப்போது ஒவ்வொரு அறையும் எனக்குத் தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது.

அப்படி இருக்கிறபோதுதான், பென்டில் ஹில்லில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில், காரின் இடது சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கத் தொடங்கியது. வலப்பக்கம் போட்டால் எப்போதும்போல ஆறுதலாக அடிக்கிறது. இடப்பக்கம் போட்டால் பால் பொங்கக் கண்டவள்போலப் பதறி அடிக்கிறது. வீட்டுக்கு வந்து உனக்கு ஒரு மெசேஜ் போட்டேன். வேறு எண்ணம் எதுவுமில்லை. காரைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் உன்னைக் கேட்பதுதானே வழக்கம். மரக்கறிப் பையை மேசையில் வைக்கவில்லை, போன் அடிக்கிறது. நீ. நீயாக எடுத்திருந்தாய். மாதக்கணக்கில் நீயாக எடுத்த முதல் போன் அது. "எவ்வளவு வேகமா அடிக்குது அம்மா? காருக்க போய் இருங்கோ, சத்தத்தைக் கேக்கோணும்" என்றாய். நான் ஓடிப்போய்க் காருக்குள் இருந்து, சாவியைத் திருகி, சிக்னலைப் போட்டு, போனை ஸ்டியரிங்குக்குக் கிட்டப் பிடித்தேன். நீ அந்தச் சத்தத்தைக் கேட்டாய். நான் நீ மூச்சு விடுவதைக் கேட்டேன்.

"இடப்பக்கம் ஒரு பல்ப் எரியேல்ல அம்மா. ஒண்டு எரியாட்டி மற்றது இப்பிடித்தான் வேகமா அடிக்கும். அது காரின்ர பழுதில்ல. பழுதிருக்கு எண்டு உங்களுக்குச் சொல்லுது" என்றாய். இறங்கிப் பார்த்தேன். முன்னுக்கு எரிகிறது, பின்னுக்கு இல்லை. அப்பா வந்தார். கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்ற மனுசன், ஒரு பியூஸ் மாற்றத் தெரியாது, ஆனால் அபிப்பிராயத்துக்குக் குறைவில்லை. டிக்கிக் கதவை ஓங்கிச் சாத்தினார். லைற் எரிந்தது. "பார், கை வைச்சன், சரி" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். அவர் கதிரையில் இருப்பதற்குள் அது அணைந்துவிட்டது. நீ போனில் சிரித்தாய். தம்பி, அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

பென்டில் ஹில் மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீயும் அதைத்தான் முதலில் சொன்னாய். "இல்லை, நீ சொல்லு, நான் செய்யிறன்" என்றேன். நீ ஆச்சரியப்பட்டிருப்பாய். ஆனால் மறுக்கவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வந்து வீடியோவில் எடுத்தாய். கராஜில் பெயின்ற் வாளிமேல் போனைச் சாத்தி வைத்துவிட்டு, பின்லைற்றின் மூடியைக் கழற்றினேன். "ஒண்டு ஒண்டாப் பாப்பம் அம்மா. எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டிப் போட்டால் எது பிழையெண்டு கடைசிவரைக்கும் தெரியாது" என்றாய். இடப்பக்கப் பல்பை வலப்பக்கத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னாய். அங்கே எரிந்தது. பல்ப் நல்லது. பல்ப் இருக்கும் குழியைத் தேய்க்கச் சொன்னாய். தேய்த்தேன், மாற்றமில்லை. பிறகு என்னை டெஸ்டர் ஒன்று வாங்கச் சொன்னாய். கூரான முனையும் பிடிக்குள் சின்ன லைற்றும் வாலில் ஒரு கிளிப்பும் உள்ள சாமான். கிளிப்பைக் காரின் வெறும் இரும்பில் கௌவவிட்டு முனையைப் பல்ப் குழிக்குள் வைத்தபோது, அந்தக் குட்டி லைற் சிக்னலோடு சேர்ந்து மினுங்கியது. நான் கூவியே விட்டேன்.

"கறன்ற் வருகுது அம்மா. திரும்பிப் போறதுக்குத்தான் வழியில்ல" என்றாய். எனக்கு விளங்கவில்லை என்றதும் பொறுமையாகச் சொன்னாய். பற்றறியிலிருந்து வயர் வழியாக வந்த கறன்ற் பல்பை எரித்துவிட்டு, காரின் உடம்பு வழியாகப் பற்றறிக்கே திரும்பவேண்டும், அந்தத் திரும்பும் வழிதான் எர்த், அது கெட்டால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பிரயோசனமில்லை என்றாய். இதை வைத்து உனக்கு ஒரு பிரசங்கமே செய்யலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. செய்யமாட்டேன், பயப்படாதே. நீ எல் போர்ட் போட்டுக் கார் பழகிய காலத்தில் சிக்னல் போடாமல் திரும்பினதற்கு உன் துடையில் அடித்தேனே, அதற்கு நீ, "பின்னுக்கு ஒருத்தரும் இல்லையே அம்மா, ஆருக்குச் சிக்னல்?" என்று கேட்டாயே, அதை வைத்தும் ஒன்று செய்யலாம். அதையும் விட்டுவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை உனக்கு நினைவிருக்கும். அப்பாவைக் காருக்குள் இருத்தி, இடது சிக்னலைப் போட்டபடி பிரேக்கை அமத்தச் சொன்னாய். அவர் முதலில் ஹோர்னை அமத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு சரியான இடத்தில் கால் வைத்தார். பிரேக் லைற் பளிச்சென்று எரியவேண்டிய இடத்தில், மங்கலாக, சிக்னலோடு சேர்ந்து விட்டுவிட்டு மினுங்கியது. நான் போனைத் தூக்கிக் காட்டினேன். "அதுதான்! அதுதான் அம்மா! எர்த்! வேற வழி இல்லாமல் மற்ற லைற்றுக்குள்ளால போகப் பாக்குது!" என்று துள்ளினாய். கல்யாண வீட்டில்கூட நீ அப்படித் துள்ளி நான் பார்க்கவில்லை. டிக்கியின் இடது மூலையில், பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால், வயர் வந்து இரும்பில் பூட்டியிருக்கும் போல்ட் ஒன்று இருக்கும் என்றாய். சனிக்கிழமை சேர்ந்து கழற்றுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாய். உனக்குத்தான் தெரியுமே, எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வெள்ளிக்கிழமை காலமை அப்பா நடக்கப் போன நேரம் நானே அந்த மறைப்பைக் கழற்றினேன்.

மறைப்பு வந்ததும் முதலில் வந்தது மணம். பழைய புளியும் மீனும் கலந்த ஒரு மணம். போல்ட் துருப்பிடித்து, வயர் நுனியிலுள்ள வளையம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஏதோ காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்ததில் ஒட்டிக்கொண்டு, கறுத்துச் சுருண்டு, ஒரு கறிவேப்பிலை.

நீங்கள் இருவரும் கல்யாணம் முடிந்த கையோடு மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் வீடெடுத்துப் போனபோது, நானும் அப்பாவும் சாமான் ஏற்றிக்கொண்டு இந்தக் காரில் வந்தோமே, அந்தப் பயணத்தின் மீன்குழம்பு தம்பி இது. வழமைபோல ஐஸ்கிறீம் டப்பாவில் ஊற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொண்டு வந்தேன். அப்பா புறப்படும்போதே, "இது ஊத்துப்படும், வேற பெட்டியில போடு" என்றார். "இத்தனை வருசமா ஐஸ்கிறீம் டப்பாவிலதான் கொண்டு போறன், எனக்குப் படிப்பிக்க வேண்டாம்" என்றேன். பாதி வழியில், ஆல்பரிக்குக் கிட்ட ஒரு லொறிக்குப் பின்னால் அவர் சடாரென்று பிரேக் பிடித்தார். அவ்வளவுதான். பிறகு ஸ்பிரிங்வேல்வரை இரண்டு பேரும் யன்னலைத் திறந்துவிட்டு, ஆளோடு ஆள் முகம் கொடுக்காமல் வந்தோம். நீங்கள் ஓடிவந்து டிக்கியைத் திறந்தீர்கள். நீ மூக்கைப் பொத்தினாய். மயூரி மட்டும் துணியும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்து, டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துத் துடைத்துக்கொண்டே, "மாமி, வாசமே இப்பிடி எண்டால் கறி எப்பிடி இருந்திருக்கும்!" என்றாள். நான்கு பேரும் அந்த றோட்டோரத்தில் நின்று சிரித்தோம். அன்றைக்கு மேலே தெரிந்ததைத் துடைத்தோம். மறைப்புக்குப் பின்னால் போனது ஒருவருக்கும் தெரியவில்லை. நான் குத்துவிளக்கை மினுக்குவதற்குப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பவள். அது இரும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாததா? ஆறுதலாக இருந்து தின்றிருக்கிறது.

நான் அந்த டிக்கிக்குள் குந்தியிருந்து அழுதேன். உனக்காக மட்டும் அழுதேன் என்று நினைக்காதே. எனக்காகவும்தான். நீ மனைவியை இழந்தாய் என்று எல்லோரும் உன்னையே பார்க்கிறார்கள். எனக்கு மாமி என்று கூப்பிட்டு வாளியோடு வந்த ஒரு பிள்ளை இல்லாமல் போய்விட்டாள், அதை நான் ஆரிடம் சொல்வது? உனக்காக அவளை வெறுத்துப் பார்க்கவும் முயன்றேன். சரிவரவில்லை.

இனித்தான் நான் செய்த வேலை. அந்த மறைப்பைத் திரும்ப மாட்டிவிட்டேன். சனிக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது, "இல்லைத் தம்பி, அந்த மறைப்பின்ர கிளிப்பெல்லாம் பழசு, உடைஞ்சு போயிடும் எண்டு பயமாக் கிடக்கு. வேற ஏதும் பாப்பமோ?" என்றேன். கறிவேப்பிலையைப் பற்றிச் சொன்னால் உனக்கு அந்த நாள் திரும்பி வரும் என்ற பயம் ஒரு காரணம். அது நல்ல காரணம், அதை மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம். மற்றக் காரணம் இதுதான்: கார் திருத்தப்பட்டால் நீ எடுக்கமாட்டாய். திரும்பவும் ஓம், பிஸி, பாப்பம். எனக்கு அதைத் தாங்க ஏலாது என்று தோன்றியது. பழுதான சிக்னலை வைத்துக்கொண்டு உன்னைப் பிடித்து வைத்திருந்தேன். றோட்டில் போக வேண்டியிருந்தால் வலப்பக்கம் மட்டும் திரும்பும்படி வழி பார்த்துப் போனேன். பென்டில் ஹில்லுக்கு அப்படிப் போவது எவ்வளவு சுற்று என்று ஒருநாள் நீயே ஓடிப் பார். சிரிக்காதே. கடைசியில் அப்பாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, பஸ்ஸில் போகத் தொடங்கினோம்.

ஆனால் அந்தக் கிழமைகளை நான் மனம் வருந்தி நினைக்கவில்லை. நீ ஒவ்வொரு நாளும் ஏதோவொன்றைச் சொல்லித் தந்தாய். தடையை அளக்கும் மீற்றரை எப்படி வைப்பது, எர்த் நல்லதென்றால் ஏறக்குறையப் பூச்சியம் காட்டவேண்டும், கூடக் காட்டினால் அந்த இடத்தில் தடை இருக்கிறது என்றெல்லாம் சொன்னாய். நான் தெரியாதவள்போலக் கேட்டுக்கொண்டேன். ஆனால் பாதி நேரம் காரைப் பற்றிக் கதைக்கவில்லை. நீ அங்கே வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாய், நான் இங்கே ஸ்க்ரூ துடைத்துக்கொண்டு இருந்தேன். நித்திரை வரவில்லை என்றாய். வேலையிடத்தில் மத்தியானம் தனியே காருக்குள் இருந்து சாப்பிடுவதாகச் சொன்னாய். ஒருநாள் போனை எங்கேயோ சாத்தி வைத்துவிட்டு நின்றபடியே சாப்பிட்டாய். "ஏனடா நிண்டு சாப்பிடுறாய், இருந்து சாப்பிடன்" என்று அதட்டினேன். "ஒரு கதிரைதான் அம்மா இருக்கு. அதில உடுப்புக் கிடக்கு. மற்றதெல்லாம் அவ கொண்டு போயிட்டா" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, "கறிக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் கோயிலில், உனக்குச் சின்ன வயதில் பிறந்தநாளுக்கெல்லாம் கேக் செய்து தருவாவே, அந்த அன்ரி, "மகனும் மருமகளும் சுகமோ?" என்று கேட்டா. ஒரு வருடமாக நான் இதற்குச் சொல்லும் பதில், "ஓம், ரெண்டு பேருக்கும் வேலை கூட" என்பது. நீ சிட்னிக்கு வராமல் இருப்பதற்கு எங்கள் ஆட்களின் இந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். நான் பொய் சொல்லச் சொல்ல, நீ வந்தால் அந்தப் பொய்க்குள் நிற்கவேண்டி வரும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. "அவையள் பிரிஞ்சிட்டினம். மகன் தனிய இருக்கிறான். எனக்கு அவனைப் பாக்காமல் இருக்க ஏலாமல் கிடக்கு" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அன்ரி என்னைப் பார்த்தா. "ஓ" என்றா. பிறகு, "பிரசாதம் எடுத்தனீங்களோ? கடலை முடியப் போகுது" என்றா. நாங்கள் ஒரு வருடமாகப் பயந்தது இதற்குத்தான். அடுத்த கிழமை இன்னும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும். நீ இனி இங்கே வந்தால் ஒருவரிடமும் ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்படியே இன்னும் எத்தனை கிழமை ஓட்டியிருப்பேனோ தெரியாது. காரின் வருடப் பதிவு, அந்த ரெஜோ, முடியப் போகிறது என்று அப்பா நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் ஏதோ தேடப் போய், அவரே அந்த மறைப்பை இழுத்துப் பார்த்திருக்கிறார். அது கையோடு வந்துவிட்டது. நான்தான் ஏற்கெனவே ஒருமுறை கழற்றி, இறுக்காமல் மாட்டி வைத்திருந்தேனே. குசினிக்குள் வந்து நின்றார். "இஞ்சேர், உனக்கு இது எப்ப தெரியும்?" என்றார். நான் பருப்பைக் கிண்டினேன். "பிள்ளையோட கதைக்கிறதுக்குக் கார் பழுதாகோணுமோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அப்ப நீங்கள் எடுத்துக் கதைச்சிருக்கலாமே! ஒரு வருசமா ஒரு நாள் எடுத்தனீங்களோ?" என்று கத்தினேன். அவர் கராஜுக்குப் போய்விட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன். கார்க் கதவைத் திறந்து முன் சீற்றில் இருந்தார். "எனக்கு அவனோட என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல. நீ கார் எண்டு கதைச்சாய். எனக்குக் காரும் தெரியாது" என்றார். தம்பி, உன் அப்பா உன்னோடு கதைக்காதது கோபத்தில் என்று நீ நினைத்திருந்தால், அது கோபமில்லை. அவர் வீடியோவில் வராமல், ஆனால் நீ கதைக்கும் நேரமெல்லாம் கராஜ் கதவுக்குப் பின்னால் மடக்குக் கதிரை போட்டு இருந்தது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். நீ எல்லாம் சொல்லித் தந்ததுதானே. முதலில் பற்றறியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். போல்ட் துருவில் இறுகிக் கிடந்தது. அப்பா டோர்ச் பிடித்தார், பிறகு என்னால் ஏலாமல் போக, ஸ்பானரை வாங்கி முழுப் பலத்தோடும் திருகினார். கழன்றது. பழைய வளையத்தை வெட்டிப் புது வளையம் நசித்துப் பூட்டினேன். இரும்பை அரத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்தோம். கிறீஸ் பூசி இறுக்கினேன். பற்றறியைத் திரும்பப் பூட்டிச் சிக்னலைப் போட்டதும் இடப்பக்கம் ஆறுதலாக அடிக்கத் தொடங்கியது. அப்பா காருக்குப் பின்னால் நின்று நெடுநேரம் அதையே பார்த்தார். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததும்தான். அதற்குள்ளேயே, இனி நீ எதற்காக எடுக்கப் போகிறாய் என்ற நினைப்பும் வந்துவிட்டது. அடுத்த நாள் மெக்கானிக் பின்லைற்றையெல்லாம் பார்த்துவிட்டு, "ஆர் அன்ரி எர்த் செய்து தந்தது? நல்லாச் செய்திருக்கினம்" என்றான். "என்ரை மகன்" என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மை. அப்பாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

கடிதமென்றால் புத்திமதி இல்லாமல் முடிக்கக் கூடாதாம். ஆகவே ஒன்றிரண்டு. உடுப்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு இருந்து சாப்பிடு. மத்தியானத்தில் காருக்குள் தனியே சாப்பிடாதே, வேலையிடத்தில் நல்ல பிள்ளைகள் இருப்பார்கள், போய் ஒரு மேசையில் இரு. கல்யாணம் முறிந்தால் ஆள் முறிந்ததாகாது. அதை நான் உனக்கு ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும், சொல்லத் தெரியவில்லை. மயூரியைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் கதை, அவளைத் திட்டினாலும் கேட்பேன், அவளைத் தேடுகிறது என்றாலும் கேட்பேன். கதைக்க வேண்டாமென்றால் வெங்காயம் வெட்டு.

நேற்று, எர்த்தையும் ஊத்தையையும் சொல்லி முடித்த பிறகு நீ, "குட் அம்மா" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டு, "அப்ப இனி நாங்கள் என்ன கதைக்கிறது?" என்று கேட்டாய். தமிழில் கேட்டாய். நானும் சிரித்தேன். "அப்பா வாறார், அவரோட கதை" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டேன். அவர் உன்னிடம், அங்கே குளிரோ என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. நீ என்ன சொன்னாயோ தெரியாது, இருபது நிமிடம் போனை வைத்திருந்தார். என்ன கதைத்தது என்று கேட்டால், "சும்மா" என்கிறார்.

நீ கேட்டதற்கு அப்போது பதில் சொல்லாமல் ஓடினேன். இப்போது சொல்கிறேன். என்ன கதைக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தால் நாங்கள் மூன்று பேரும் கதைக்கவே மாட்டோம். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது. கதைக்க ஒன்றுமில்லாத நாள்தான் போன் எடுக்க வேண்டிய நாள் என்று வைத்துக்கொள். எடுத்தால், "என்ன விசயம் தம்பி?" என்று கேட்கமாட்டேன். அது என் வாயில் பழகின கேள்வி, விழுங்கிக்கொள்வேன். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. நீ அங்கே உன்பாட்டில் வேலையைப் பார், நான் இங்கே என்பாட்டில் நிற்பேன்.

நீ வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன்.

அம்மா